நாற்பத்திரண்டு லோடும் ஒரு ஜாடியும்

கட்டடப் பொருள் பரிசோதனைக்கூடத்தில் அவர் வேலை பார்த்தது முப்பத்தொரு வருடம், நான்கு மாதம், பதினொரு நாள். அதில் மணல் பிரிவில் மட்டும் இருபத்தெட்டு வருடம். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. நேரில் 'சார்' என்பார்கள். அவர் முதுகு திரும்பியதும் 'சல்லடை போகுது பாரு' என்பார்கள். அவருக்கும் இது தெரியும். பொருத்தமான பெயர்தான் என்று பட்டதால் அதை அவர் ஆட்சேபிக்கவில்லை.

வேலை எளிது. கட்டடத்துக்கு வரும் மணலிலிருந்து ஒரு பை, சோதனை மாதிரியாக வரும். அதை ஏழு சல்லடைகளில் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்குவதை நிறுக்க வேண்டும். பிறகு கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் மணலையும் உப்புத் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். மணல் அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியும். நூறு கோடு மணலுக்கு எட்டுக் கோடு வரை வண்டல் இருக்கலாம். ஒன்பது வந்தால் அந்த மணலில் கட்டிய சுவர் பிற்பாடு தன் குணத்தைக் காட்டும். குலுக்கியதிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் கோட்டைப் படிக்க வேண்டும். வண்டல் முதலில் உப்பிக்கொண்டு நிற்கும், போகப் போகத்தான் அமுங்கும். அவசரப்பட்டுப் படித்தால் நல்ல மணலும் கெட்டதாகத் தெரியும்.

அலுவலகப் பதிவேட்டில் தேதிக்கும் முடிவுக்கும் மட்டும்தான் கட்டம் உண்டு. அவர் தனக்கென்று ஒரு நோட்டு வைத்து அதில் குலுக்கிய நேரம், படித்த நேரம், அன்றைய வெயில் எல்லாம் எழுதினார். ஐம்பத்து மூன்று நோட்டுகள். ஓய்வு பெற்ற அன்று அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்தார்.

"துணி வைக்க இடமில்லன்னு நான் முட்டிக்கிட்டு இருக்கேன், இவர் மணலுக்குப் பெட்டி போட்டு வச்சிருக்காரு," என்றாள் மனைவி. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். அவளும் நாள் முழுக்க அளப்பவள்தான். ஆனால் எந்த அளவிலும் அரை இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டுவாள், உடம்பு மாறும் என்பாள். திருமண வாழ்க்கையில் அவர்களுக்குள் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த அரை இஞ்சைப் பற்றியவை.

ஒரே மகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்து எண் எழுதிக் கொடுக்கும் வேலை. கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி பாதியில் நிற்கும். அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். பையன் யார் என்று கேட்டபோது, அவனுடைய அப்பா ஒரு கான்ட்ராக்டர் என்றாள். எந்தக் கான்ட்ராக்டர் என்று கேட்டதற்கு அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் ரிட்டன்னு சொல்லுவாங்களே, அவரு," என்றாள்.

சல்லடை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

ரிட்டன் என்ற பெயருக்குக் காரணமே அவர்தான். பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை அந்தக் கான்ட்ராக்டருக்குக் கிடைத்தது. அவருடைய முதல் பெரிய வேலை. நாற்பத்திரண்டு லோடு மணல் இறக்கினார். வண்டல் பத்துக் கோடு என்று சல்லடையின் கையெழுத்தோடு காகிதம் போனது. நாற்பத்திரண்டு லோடும் திரும்பியது. வேலை வேறு ஆளுக்குப் போனது. அன்று பரிசோதனைக்கூட வாசலில் நின்று, "பத்தா? எப்படிய்யா பத்து வரும்?" என்று அவர் போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் காம்பவுண்டுச் சுவரும் கழிவறையும் மட்டும் கட்டினார். ரிட்டன் என்ற பெயர் கூலியாட்கள் வழியாக ஊர் முழுக்கப் பரவி, பள்ளிக்கூடத்தில் அவர் மகனைச் சின்ன ரிட்டன் என்று கூப்பிடும் அளவுக்குப் போனது. அந்தச் சின்ன ரிட்டன்தான் மாப்பிள்ளை.

இரு வீட்டு அம்மாக்களும் பேசி முடித்தார்கள். அப்பாக்கள் பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் மாப்பிள்ளை வழியாகப் போய் வந்தது. காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சாயங்காலம் ஒரு சின்ன மண்டபத்தில் மணல் ஊற்றுவது. மகள் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டது இது. பெண் வீட்டு மணல் ஒரு நிறம், பையன் வீட்டு மணல் ஒரு நிறம். இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே கண்ணாடி ஜாடியில் ஊற்றினால் வரி வரியாக நிற்கும். மூடி போட்டு வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அவரவர் வீட்டு மணலை அவரவர் அப்பா கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதும் அவளுடைய ஏற்பாடுதான்.

"ரெண்டு அப்பாவும் வரணும். ஒருத்தர் வரலன்னாலும் எனக்கு அந்த ஜாடியே வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள். பிறகு, "மணல் ஒண்ணும் கஷ்டமில்லப்பா. கடையில பாக்கெட்ல விக்குது, கலர் போட்டே வருது," என்றாள்.

"எந்த மணல்?"

"நீலம்."

"நிறத்தைக் கேக்கல. எந்த மணல்னு கேட்டேன்."

"மணல் மணல்தான்ப்பா."

வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. மறுநாளே ஒரு பாக்கெட் வாங்கிவந்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தார். கைக்குட்டை நீலமானது. சலித்தார். அதில் மரத்தூள் இருந்தது. பாக்கெட்டை மகளின் மேஜைமேல் வைத்து, பக்கத்தில் கைக்குட்டையையும் வைத்தார். விளக்கம் தேவைப்படவில்லை.

சொந்தமாகச் சாயம் ஏற்றும் வேலை பத்தொன்பது நாள் நடந்தது. மணலை ஒரே சல்லடை அளவுக்குச் சலித்து, கழுவிய தண்ணீர் தெளிவாகப் போகும்வரை ஏழு முறை கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார். முதல் முயற்சியில் சமையலுக்குப் போடும் நிறப் பொடி. ஜன்னலோரம் வைத்த மூன்றாம் நாள் வெளுத்தது. இரண்டாவது துணிச் சாயம். காய்ந்த பிறகும் விரலில் ஒட்டியது. மூன்றாவது சுவர் பெயின்ட். மணல் கட்டிதட்டி, கரண்டியால் உடைக்க வேண்டியதாயிற்று, கரண்டி வளைந்தது. இதை மனைவியிடம் அவர் தெரிவிக்கவில்லை, நோட்டில் மட்டும் எழுதினார். ஒன்பதாவது முயற்சி கைகொடுத்தது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் கலக்கும் நிறப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, கால் கரண்டி பசை சேர்த்து, மணலோடு பிசைந்து, பழைய படுக்கை விரிப்பில் மெல்லியதாகப் பரப்பி, அரை மணிக்கு ஒரு தடவை சீப்பால் வாரிவிட வேண்டும். சீப்பு மனைவியுடையது. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"கல்யாணப் பொண்ணே இன்னும் நகத்துக்குக் கலர் வைக்கல. உங்க நகத்தைப் பாருங்க," என்றாள் மனைவி.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான், குடித்தான், இன்னொரு தம்ளர் கேட்டான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பழகியவன் என்பதால் குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"மாமா, அப்பா ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. எங்க வீட்டு மணல் ரெடி. மஞ்சக் கலர் போடப்போறாராம்."

"நல்லது."

"அது வந்து… நீங்க ரிஜெக்ட் பண்ணின மணலாம்."

நாற்பத்திரண்டு லோடில் நாற்பத்தொன்றைக் கான்ட்ராக்டர் பள்ளம் நிரப்பக் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் தன் கிடங்குக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்தார். பதினான்கு வருடமாக அது மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடந்தது. ஒரு பக்கம் தக்காளிச் செடி முளைத்தது. மறுபக்கத்தைத் தெருப் பூனைகள் தம் தேவைக்குப் பயன்படுத்தின. வருடத்துக்கு ஒரு முறையாவது கான்ட்ராக்டர் அதன் முன்னால் நின்று எதையாவது சொல்லுவார் என்று மாப்பிள்ளை சொன்னான். என்ன சொல்லுவார் என்று சல்லடை கேட்கவில்லை.

"அந்த மணல்தான் ஜாடிக்குள்ள போகணும்னு சொல்றாரு மாமா. இல்லன்னா அவர் வர மாட்டாராம்."

உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

சல்லடை யோசித்தார். "போகட்டும். ஆனா மாதிரி வேணும். ஒரு கிலோ."

"மாமா, மறுபடியும் டெஸ்ட்டா?"

"சலிக்கறதுக்கு. என் மணலும் உங்கப்பா மணலும் ஒரே பருமனா இருக்கணும். ஒண்ணு பொடியா, ஒண்ணு பெருசா இருந்தா, ஜாடியை ரெண்டு தடவை நகர்த்தினாலே பொடி எல்லாம் அடியில இறங்கிடும். ஒரு வருஷத்துல என் பொண்ணு கலரே கண்ணுக்குத் தெரியாது."

இந்தக் காரணம் மாப்பிள்ளைக்குச் சட்டென்று பிடித்துப்போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு டப்பாவில் மணல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடினான்.

சலித்தார். பருமன் சரியாகவே இருந்தது. அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் சலித்த மணலை அடுத்து என்ன செய்வது என்று இருபத்தெட்டு வருடம் பழகிய கைகளுக்குத் தெரியும். கண்ணாடிக் குழாயை எடுத்து, உப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அடுப்பு மேடையில் வைத்தார். மணி ஒன்பதே கால்.

ஒன்பது நாற்பதுக்கு மனைவி வந்தாள். "இதை எடுங்க. சமைக்க இடம் வேணும்."

"நகர்த்தக் கூடாது. பன்னிரண்டே காலுக்குத்தான் படிக்கணும்."

"இப்பவே படிச்சிட்டு எடுங்களேன். கோடு தெரியுதே. பத்து."

"இருபத்தஞ்சு நிமிஷத்துல படிச்சா அது படிச்சதே இல்ல. வேலை தெரிஞ்சவன் எவனும் அப்படிப் படிக்க மாட்டான்," என்றார். சொன்ன பிறகுதான் அந்தப் பத்து காதில் விழுந்தது.

பன்னிரண்டே காலுக்கு ஆறு. எட்டுக்கு உள்ளே. மணல் பாஸ்.

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். முப்பத்தொன்றாவது நோட்டு. சோதனை எண் 1147. தன் கையெழுத்து, நீல மை, ஒரு அடித்தல்கூட இல்லை. குலுக்கியது 10.40. படித்தது 11.05. வண்டல் பத்து. வெயில் கடுமை. ஓரத்தில் பொடி எழுத்தில்: 'பள்ளியிலிருந்து போன். மகள் விரல் பெஞ்சு ஓட்டையில். கிளம்பினேன்.'

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மகளுக்குப் பதினொரு வயது. பெஞ்சில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்றில் ஆள்காட்டி விரலை விட்டு, எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். தச்சரைக் கூப்பிடப் போவதாகப் போனில் சொன்னார்கள். தச்சர் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மதியம் திரும்பிவந்து படிக்கலாம் என்றுதான் கிளம்பினார். ஆனால் போகும்போதே காகிதத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது குழாயைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

நோட்டை மூடினார். திரும்பத் திறந்தார். நேரங்கள் மாறவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

சொன்னார். அவள் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "இது உங்க நோட்டைத் தவிர வேற எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப பெட்டியைத் தள்ளுங்க உள்ள. கல்யாணம் முடியட்டும்."

"சொல்லணும்."

"சொன்னா அந்த மனுஷன் கல்யாணத்துக்கு வருவாரா? ஏற்கனவே ஒத்தக் கால்ல நிக்கறாரு. அவர் வரலன்னா இவ ஜாடியை உடைச்சிருவா."

"உடைக்க மாட்டா. வேண்டாம்னுதான் சொன்னா."

மனைவி கத்தரிக்கோலை மறுபடி எடுத்தாள். பிறகு தணிந்த குரலில், "சரி, போங்க. போனா, மணல் நல்ல மணல்தான், நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க. அந்த வார்த்தைக்குத்தான் அவர் பதினாலு வருஷமா ஏங்கிட்டிருக்காரு," என்றாள்.

"அப்படிச் சொல்ல முடியாது. மழையில கழுவிக் கழுவி வண்டல் குறைஞ்சிருக்கலாம். அன்னைக்கு எப்படி இருந்துதுன்னு யாருக்கும் தெரியாது."

"கொஞ்சம் துணி விட்டுத் தைங்களேன், ஒரு தடவையாவது."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கான்ட்ராக்டரின் அலுவலகம் ஒரு தகரக் கூரைக் கிடங்கின் முன்னறை. மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் பழைய காலண்டர், மூலையில் மண்வெட்டிகள். கான்ட்ராக்டர் கனத்த ஆள். ஒரு வாளியில் மஞ்சள் மணலைக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்தும் கிண்டுவதை நிறுத்தவில்லை. முழங்கை வரை மஞ்சள்.

"உக்காருங்க," என்றார் வாளியிடம்.

சல்லடை உட்கார்ந்து, நோட்டை மேஜையில் விரித்து, இரண்டு நேரங்களையும் விரலால் காட்டினார். மூன்று மணி நேர விதியைச் சொன்னார். இன்று வீட்டில் பார்த்த பத்தையும் ஆறையும் சொன்னார். சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆனது. கிண்டும் சத்தம் நடுவிலேயே நின்றுவிட்டது.

"அப்ப என் மணல் நல்ல மணல்," என்றார் கான்ட்ராக்டர்.

"அப்படிச் சொல்ல முடியாது."

"கெட்ட மணலா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

"அன்னைக்கும் இருபத்தஞ்சு நிமிஷத்துல பத்து. இன்னைக்கும் பத்து. இன்னைக்கு மூணு மணி நேரத்துல ஆறு. அப்ப அன்னைக்கும் ஆறுதானே?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"இருக்கலாம்னா இருக்கலாம்."

கான்ட்ராக்டர் கட்டையை வாளிக்குள் குத்தி நிறுத்தினார். "யோவ், என்னை ஊரே ரிட்டன் ரிட்டன்னு கூப்பிடுது. என் பேரு என் பொண்டாட்டிக்கே மறந்துபோச்சு. பதினாலு வருஷம் கழிச்சு வந்து உக்காந்துட்டு, நல்லதுங்கறதும் இல்ல, கெட்டதுங்கறதும் இல்ல. பின்ன என்னத்தச் சொல்ல வந்தீரு?"

"நான் உங்க மணலை டெஸ்ட் பண்ணவே இல்லன்னு சொல்ல வந்தேன்."

வெளியே யாரோ சிமெண்டு மூட்டையை இறக்கும் சத்தம் கேட்டது. கான்ட்ராக்டர் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி வளைந்து நிமிர்ந்தது.

"எழுதிக் குடுங்க," என்றார்.

சல்லடை எழுதினார். சோதனை எண், தேதி, இரண்டு நேரங்கள். 'உரிய நேரத்துக்கு முன்பே படிக்கப்பட்டதால் இந்த முடிவு செல்லாது. தவறு என்னுடையது.' கையெழுத்திட்டார்.

"சீல்?"

"சீல் ஆபீஸ்ல இருக்கு. நான் வீட்ல இருக்கேன்."

கான்ட்ராக்டர் காகிதத்தை மூன்று முறை படித்தார். "ஏன் சீக்கிரமா படிச்சீங்கன்னு இதுல இல்லயே."

"அது டெஸ்ட்டுக்குச் சம்பந்தமில்லாதது."

"எனக்குச் சம்பந்தம் இருக்கு."

சல்லடை சொன்னார். பெஞ்சு, ஓட்டை, ஆள்காட்டி விரல், தச்சர். மிகச் சுருக்கமாகவே சொன்னார்.

"எந்தப் பொண்ணு?"

"எனக்கு ஒரே பொண்ணுதான்."

"இப்ப என் வீட்டுக்கு வரப்போறதே, அதா?"

"அதேதான்."

கான்ட்ராக்டர் மஞ்சள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கன்னம் மஞ்சளானது.

"விரல் வந்துதா?"

"வந்துது. சோப்பு போட்டு எடுத்தாங்க. மணி பன்னிரண்டே கால்."

"அதையும் எழுதுங்க."

சல்லடை 'குறிப்பு' என்று தலைப்பிட்டு அதையும் எழுதினார். சோப்பு உட்பட. கான்ட்ராக்டர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கல்யாணத்துக்கு வருவேனா மாட்டேனான்னு இப்ப என்னைக் கேக்காதீங்க," என்றார்.

"நான் கேக்கல."

"கேக்காதீங்க."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சேதியே வரவில்லை. அப்பா கிடங்கிலேயே சாப்பிட்டுக் கிடங்கிலேயே தூங்குகிறார், கேட்டால் உறுமுகிறார் என்று மாப்பிள்ளை போனில் சொன்னான். மனைவி சல்லடையோடு நான்கு நாள் பேசவில்லை. மகளுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் தன் ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்கிட்ட யாரும் சொல்லவே இல்லயேப்பா."

"உன் விரல்தானே. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் எழுந்து போனாள். போகும்போது, "அவர் வரலன்னா ஜாடி வேண்டாம்ப்பா. நான் சொன்னது சொன்னதுதான்," என்றாள். இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாண நாள். காலைக் கையெழுத்துக்குக் கான்ட்ராக்டர் வரவில்லை. மாலை ஐந்து மணிக்கு மண்டபத்தில் எழுபது நாற்காலிகள், அவற்றில் அறுபத்து மூன்று பேர். மேஜையில் காலி ஜாடி. சல்லடை நீல மணல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தே காலுக்கு மகள் ஜாடியைப் பார்த்தாள். ஐந்தரைக்கு வாசலைப் பார்த்தாள். ஐந்து நாற்பதுக்கு எழுந்து ஜாடியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்," என்றான் மாப்பிள்ளை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்லும் அதே குரல்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு வெளியே ஒரு பழைய சின்ன லாரி வந்து இருமி நின்றது. கான்ட்ராக்டர் கோட்டு போட்டிருந்தார். நகங்களில் மஞ்சள் போகவில்லை. கையில் மஞ்சள் டப்பா. நடுவழியே நடந்து வந்து, முதலில் சல்லடையிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் பென்சிலில்: 'குலுக்கியது 2.30. படித்தது 5.30. ஆறு.'

"அதான் லேட்டு," என்றார். "நடுவுல எழுந்து வரக் கூடாதுல்ல."

"கூடாது," என்றார் சல்லடை.

மகள் துணியைப் பிரித்தாள்.

ஊற்றினார்கள். ஒரு கை நீலம், ஒரு கை மஞ்சள். வரிகள் கோடு கிழித்த மாதிரி நின்றன. ஜாடியின் கழுத்து வரை நிறைந்ததும் பாத்திரங்கள் காலியாயின. சல்லடை முன்பே கணக்கிட்டிருந்தபடி மிகச் சரியாக நிறைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது சல்லடையின் வலது கை, அவரைக் கேட்காமலே நீண்டு, ஜாடியின் பக்கத்தில் உள்ளங்கையால் நான்கு தட்டுத் தட்டியது. பரிசோதனைக்கூடத்தில் எந்தப் பாத்திரத்தை நிறைத்தாலும் அப்படித் தட்டித்தான் மட்டம் பார்ப்பார்கள். மணல் அமுங்கியது. மேலே ஒரு விரல் அகலம் காலியானது.

கை தட்டல் ஓய்ந்தது.

"அச்சச்சோ," என்றாள் மனைவி. "ஜாடி குறைஞ்சா உள்ள ஆடுமே. வரியெல்லாம் கலங்கிருமே."

"கலங்கும்," என்றார் சல்லடை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்ச மணல் இல்ல. நான் சரியா அளந்து கொண்டுவந்தேன்."

"இதுக்குத்தான் நான் அரை இஞ்ச் விடணும்னு சொல்றது," என்றாள் மனைவி. முப்பது வருடங்களாக இந்தத் தருணத்துக்காகக் காத்திருந்தவள் போல் நிதானமாகச் சொன்னாள்.

கான்ட்ராக்டர் வெளியே போனார். லாரியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு காகித டீக் கோப்பையில் மணல் இருந்தது. சாயமில்லாத, சாதாரண, கட்டட மணல். சல்லடையிடம் நீட்டினார்.

"எந்த மணல்?" என்றார் சல்லடை.

"வண்டி மூலையில கிடந்தது."

"எந்த லோடு?"

"எனக்கென்ன தெரியும்? வண்டின்னு இருந்தா மூலையில மணல் இருக்கும்."

அறுபத்து நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளும் பார்த்தாள். சல்லடை கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்தார். பருமன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு காய்ந்த இலைத் துண்டு இருந்தது. ஒரு விரலால் அந்த இலையை மட்டும் எடுத்துக் கீழே போட்டார். பிறகு கோப்பையை ஜாடியில் கவிழ்த்தார். விளிம்பு வரை வந்தது. இந்தத் தடவை இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மூடியைத் திருகினான். மணி ஆறு பதினெட்டு.

சல்லடை நோட்டை எடுத்து எழுதினார்: 'மேலே ஒரு விரல் அகலம். சாயம் ஏற்றாதது. சோதிக்கப்படாதது.'

சாப்பாடு நடந்தது. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விடைபெற்றார்கள். வெளியே ஒருவர், "ரிட்டன் வந்துட்டாருய்யா," என்று சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது. கான்ட்ராக்டர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதைக் காட்டினேன், படிச்சும் பாத்தான். அப்பவும் அப்படியே கூப்பிடறான்," என்றார் சல்லடையிடம். "என்னையும் சல்லடைன்னுதான் கூப்பிடறாங்க," என்றார் இவர். ஜாடி இருந்த மேஜைக்கு இருபுறமும் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சம்பந்தி, கிளம்பலயா?" என்றார் கான்ட்ராக்டர். அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

"மட்டம் இறங்குதான்னு பாக்கணும். ஒன்பது பதினெட்டு ஆகணும்."

"மூணு மணி நேரமா?"

"மூணு மணி நேரம்."

கான்ட்ராக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். மண்டபத்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்து, இவர்கள் இருவரையும் சுற்றி அடுக்கிவிட்டுப் போனார்கள். மனைவிகள் இருவரும் வாசலில் நின்று எதையோ சொல்லிச் சிரித்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் வந்து ஜாடியைக் கேட்டபோது, "இன்னும் இருபது நிமிஷம்," என்று அப்பாக்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஒன்பது பதினெட்டுக்குச் சல்லடை குனிந்து, கண்ணை விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"இறங்கல."

"அப்ப நான் போட்ட மணல் நல்ல மணல்," என்றார் கான்ட்ராக்டர்.

"அது தெரியாது. மட்டம் இறங்கல. அவ்வளவுதான் சொல்லலாம்."

"சரி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றார் கான்ட்ராக்டர்.

சல்லடை பேனாவின் மூடியைக் கழற்றினார்.